வாடகைக்கு வரும் மின்னணு மூளை: சாவி யார் கையில்?

வீடு வாடகைக்கு உண்டு. சைக்கிள் வாடகைக்கு உண்டு. பந்தல் சாமான் வாடகைக்கு உண்டு. இப்போது கம்ப்யூட்டரின் மூளையும் வாடகைக்கு வந்துவிட்டது. வாடகைக்கு விட ஏற்பாடு செய்திருப்பது வேறு யாருமல்ல, மத்திய அரசுதான்!

2024 மார்ச் மாதம் மத்திய மந்திரிசபை ‘இந்தியா ஏ.ஐ. மிஷன்’ என்ற திட்டத்துக்குச் சுமார் 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. செயற்கை அறிவு ஆராய்ச்சிக்கு வேண்டிய ஜி.பி.யு. என்னும் சில்லுகள் 10,000 திரட்டுவது முதல் இலக்கு. 2025 ஜனவரியில் 18,693 சில்லுகள் கிடைக்கும் என்று அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை 38,000-ஐத் தாண்டிவிட்டது. சில்லுகள் இருப்பது தனியார் கம்பெனிகளின் கூடங்களில். அரசு மானியம் போக, மணிக்கு 100 ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் மாணவர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் புதுத் தொழில் தொடங்குகிறவர்களும் அவற்றை உபயோகிக்கலாம்.

நல்ல காரியம்தான். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு கல்லூரி மாணவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வூர்த் திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர மந்திரி இருகப்பர் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. அதன் விதானத்து ஓவியங்களிலிருந்து பட்டுச் சேலைக்குப் புதுப்புது புட்டாக்கள் வரையக் கம்ப்யூட்டருக்குப் பழக்கித் தர அவன் விரும்புகிறான். காலையில் அவன் வாங்கிய சில்லு மாலையில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போகும். மறுநாள் ஆஸ்பத்திரி ஒன்றின் நோயாளிக் குறிப்புகளைப் படிக்கும்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அறியார். ஒருவர் சரக்கை மற்றவர் பார்க்காமல் இருக்க என்ன உத்தரவாதம்? மானியத்தைப் பற்றியும் எண்ணிக்கையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

கேளாமலே எழுதும் கருவிகள்

கம்ப்யூட்டருக்குள் ஒரு சர்க்கார் நடக்கிறது. அதற்குக் கெர்னல் என்று பெயர். நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், எந்தக் கருவியை யார் தொடலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுவே. நாம் உபயோகிக்கும் மற்ற புரோகிராம்கள் பிரஜைகள். ஒரு பிரஜை அடுத்தவன் இடத்தில் கை வைத்தால் கெர்னல் அந்த நிமிஷமே அவனை வெளியேற்றிவிடும்.

ஆனால் கருவிகள் விஷயம் வேறு. நெட்வொர்க் கார்டு, டிஸ்க், ஜி.பி.யு. போன்றவை வேகத்துக்காக நினைவகத்தில் நேரடியாகவே எழுதும், படிக்கும். ஒவ்வொரு தடவையும் பிராசசரிடம் அனுமதி கேட்பதில்லை. கெர்னல் தன் கையிலேயே கருவியை வைத்திருக்கும் வரையில் இதனால் தொல்லை இல்லை. கருவியை முழுசாக ஒரு பிரஜையிடம் ஒப்படைத்தால்தான் வம்பு. “இன்ன விலாசத்தில் எழுது” என்று அவன் கருவிக்குச் சொல்வான். அந்த விலாசம் கெர்னலின் இருதயமாகவே இருந்தாலும் கருவி கேள்வி கேட்காமல் எழுதிவிடும். தனக்கு எட்டாத இடத்தை வேலைக்காரனை விட்டுத் திறக்கிற கதைதான்!

இது வெறும் கற்பனை அல்ல. 2004-ல் டோக்கியோவில் நடந்த பாதுகாப்பு நிபுணர் மாநாட்டில் மாக்சிமிலியன் டார்ன்ஸைஃப் என்ற ஜெர்மானியர் இதைச் செய்து காட்டினார். பாட்டுக் கேட்கும் ஐபாட் பெட்டியை ஃபயர்வயர் என்னும் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரில் சொருகி, அதன் நினைவகத்தைப் படித்தார். கடவுச்சொல் எதற்கு? பாட்டுப் பெட்டி போதும்!

நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்குவது

இதற்குப் பரிகாரம் என்ன? திருப்பருத்திக்குன்றத்தையும் பிள்ளையார்பாளையத்தையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கூட்டுறவுச் சங்கம் நெசவாளிக்குப் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கிறது, கணக்கில் எழுதிக்கொள்கிறது, சேலை வந்ததும் நிறுத்து வாங்குகிறது. தறி இருப்பது நெசவாளி வீட்டில். அவர் எப்போது நெய்கிறார், எப்படி நெய்கிறார் என்று சங்கம் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. ஆனால் சங்கத்தின் சரக்கு அறைக்குள் போய் வேண்டியதை அள்ளிக்கொள்ள அவருக்கு வழி இல்லை. எழுதிக் கொடுத்தது எவ்வளவோ அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் இந்தக் கணக்குப்பிள்ளையின் வேலையைச் செய்வது ஐ.ஓ.எம்.எம்.யு. என்ற உறுப்பு. கருவிக்கும் நினைவகத்துக்கும் நடுவே அது நிற்கிறது. இந்தக் கருவிக்கு இன்ன இன்ன பக்கங்கள் மட்டும் என்று ஒரு பட்டியல் அதனிடம் இருக்கும். பட்டியலில் இல்லாத இடத்தைக் கருவி தொட்டால் தடுத்துவிடும். இன்டெல் கம்பெனி தன் பிராசசர்களுக்கான இந்த ஏற்பாட்டின் விவரத்தை 2006-ல் வெளியிட்டது.

உறுப்பு மட்டும் இருந்தால் போதுமா? அதை நடத்த முறை வேண்டும். லினக்ஸ் கெர்னலில் 2007 முதல் யு.ஐ.ஓ. என்ற வழி இருந்தது. அது கருவியை வெளியே கொடுத்தது, காவலைக் கொடுக்கவில்லை. 2010-ல் சிஸ்கோ கம்பெனியின் டாம் லயன், வி.எஃப்.ஐ.ஓ. என்ற புதிய முறையை முன்வைத்தார். ரெட் ஹாட் கம்பெனியின் அலெக்ஸ் வில்லியம்சன் அதைத் திருத்தி அமைத்தார். 2012-ல் லினக்ஸ் 3.6 பதிப்பில் அது இடம் பெற்றது. லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றின் ஜி.பி.யு.வை ஒரு வாடகைக்காரருக்கு முழுசாக ஒதுக்குகிற இடங்களில் இன்று பெரும்பாலும் இந்த வழியே கையாளப்படுகிறது.

கோர்வைத் தறியின் சிக்கல்

வி.எஃப்.ஐ.ஓ.வின் புத்திசாலித்தனம் ஒரு கண்டிப்பில் இருக்கிறது. கருவியைத் தனியாகக் கொடுக்க அது சில சமயம் மறுத்துவிடும், கூட்டமாகத்தான் கொடுக்கும். ஏன்?

கோர்வைச் சேலை நெய்யும் தறியில் இருவர் உட்கார்ந்து நாடா வீசுவார்கள். அவர்கள் கைக்குள் ஒரு கண்டு ஜரிகை மாறினால் சங்கத்தின் தராசுக்கு அது தெரியுமா? அதே மாதிரி, ஒரே இணைப்பில் மாட்டிய இரண்டு கருவிகள் ஐ.ஓ.எம்.எம்.யு.வுக்குத் தெரியாமலே தமக்குள் பேசிக்கொள்ள முடியும். அப்படிப் பேசக்கூடியவற்றை ஒரு தொகுதியாக வைத்து, கெர்னலின் மற்ற டிரைவர்கள் எல்லாம் அத்தொகுதியை விட்டு விலகிய பிறகே பிரஜையின் கையில் தருகிறது வி.எஃப்.ஐ.ஓ.

இந்தக் கண்டிப்பு பலருக்குப் பிடிப்பதில்லை. பிரிக்கக்கூடாத கருவிகளைப் பிரிந்தவை போலக் கெர்னலுக்குக் காட்டும் திருத்தம் ஒன்று இன்டர்நெட்டில் உலவுகிறது. அதிகாரபூர்வ லினக்ஸ் அதை ஏற்கவில்லை. வீட்டில் விளையாட்டுக்கு வைத்திருப்பவர் போட்டுக்கொள்ளட்டும். பிறர் சரக்கை வாங்கி வைக்கிற கூடத்தில் அதைப் போடுவது, பூட்டாத கதவுக்குப் பூட்டியதாகக் கணக்கு எழுதுவதாகும்.

மணியடிக்கும் விஷயமும் இருக்கிறது. வேலை முடிந்ததும் கருவி பிராசசரை மணியடித்துக் கூப்பிடும். அந்த மணியும் ஒரு விலாசத்தில் எழுதுவதுதான். 2011-ல் போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ரஃபால் வோய்ச்சுக், யோவானா ருட்கோவ்ஸ்கா இருவரும் பொய் மணி அடித்தே இன்டெலின் காவலைத் தாண்ட முடியும் என்று நிரூபித்தார்கள். மணியையும் சரிபார்க்கும் வசதி இல்லாத கம்ப்யூட்டரில் வி.எஃப்.ஐ.ஓ. கருவியைத் தராது. ‘ஆபத்து இருந்தாலும் பரவாயில்லை’ என்று நிர்வாகி தம் கையால் எழுதிக் கொடுத்தால்தான் தரும். 2016-ல் ஐ.ஓ.எம்.எம்.யு. இல்லாமலே கொடுக்கும் வழி ஒன்றும் சேர்க்கப்பட்டது. அதை உபயோகித்தால் கெர்னல் தன் மீதே ‘களங்கப்பட்டது’ என்று முத்திரை குத்திக்கொள்கிறது! சர்க்கார் ஆபீஸ்களில் இவ்வளவு நேர்மை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வீடு காலி செய்தால் வெள்ளையடிக்க வேண்டாமா?

காவல் பலமாகவே இருக்கட்டும். குடியிருந்தவர் போன பிறகு அறையில் என்ன கிடக்கிறது என்பது தனி விஷயம். ஐ.ஓ.எம்.எம்.யு. கம்ப்யூட்டரின் நினைவகத்தைக் காக்கும். சில்லுக்குள்ளேயே இருக்கும் சொந்த நினைவகம் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. ஆகவே ஒவ்வொரு கைமாற்றத்தின் போதும் கருவியை முழுக்கத் துடைத்து, பிறந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சில வகைக் கார்டுகள் இதற்கு ஒழுங்காக இணங்குவதில்லை என்பது தொழில் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

2024 ஜனவரியில் ‘டிரெயில் ஆஃப் பிட்ஸ்’ என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு குறையை வெளியிட்டது. ஆப்பிள், ஏ.எம்.டி., குவால்காம், இமாஜினேஷன் ஆகிய கம்பெனிகளின் சில ஜி.பி.யு.க்களில் ஒரு புரோகிராம் விட்டுச்சென்ற மிச்சத்தை அடுத்த புரோகிராம் படிக்க முடிந்தது. ஒருவர் செயற்கை அறிவிடம் பெற்ற பதிலை இன்னொருவர் அந்த மிச்சத்திலிருந்து திரும்பக் கோத்தெடுத்தார்! என்விடியா சில்லுகளில் இது தென்படவில்லை. அரசுத் திட்டத்தில் பெரும்பாலானவை என்விடியா சில்லுகளே என்பது ஆறுதல். ஆனால் ஒரு குறை இல்லை என்பதற்காகச் சோதனையே வேண்டாம் என்று இருந்துவிடலாமா?

சென்னையில் நடப்பது

சென்னை ஐ.ஐ.டி.யில் ‘சக்தி’ என்ற பெயரில் நம் நாட்டு பிராசசர் உருவாகிவருகிறது. 2018-ல் அதன் சில்லுகள் வெளிவந்தன. இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த விண்வெளிச் சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இவற்றுக்கு ஆதாரம் ரிஸ்க்-ஃபைவ் என்னும் பொது இலக்கணம். அந்த இலக்கணத்தில் ஐ.ஓ.எம்.எம்.யு. பற்றிய அத்தியாயம் 2023-ல்தான் முடிவாயிற்று. லினக்ஸ் கெர்னல் அதை ஏற்றுக்கொண்டது 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில். செயற்கைக்கோளில் தனியாக ஒரே வேலை பார்க்கும் சிறு சில்லுக்கு இது இல்லாவிட்டாலும் காரியம் ஓடும். பல பேர் பங்கு போடும் பெரிய சர்வருக்கு இது இல்லாமல் முடியாது. சுதேசிச் சில்லை வேகமாகச் சந்தைக்குக் கொண்டுவரும் ஆசையில் இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், அப்புறம் சேர்ப்பது வீடு கட்டிய பிறகு அஸ்திவாரம் தோண்டுவதாகும்.

காவலுக்குக் கூலி உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விலாசத்தையும் பட்டியலில் பார்ப்பதற்கு நேரம் பிடிக்கிறது. கருவிக்கு ஒதுக்கிய நினைவகத்தை வேறு வேலைக்கு எடுக்க முடியாதபடி கட்டிப்போட வேண்டியிருக்கிறது. அதனால்தான் காவலைத் தளர்த்தும் சபலம் வருகிறது. 2019-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் மற்ற நிபுணர்களுடன் சேர்ந்து பார்த்தபோது, விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் இந்தக் காவல் பாதிதான் உபயோகத்தில் இருந்தது தெரிந்தது.

சில்லுக் கூடங்களுடன் அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் விலையும் வேகமும் எழுதப்படுவது சகஜம். கருவித் தொகுதியைப் பிரித்துக் கொடுக்கலாகாது. மணிச் சோதனை இல்லாத பெட்டியை ஏற்கலாகாது. ஒரு வாடகைக்காரர் போனதும் சில்லைத் துடைத்ததற்குப் பதிவு வேண்டும். இந்த மூன்றையும் அதே ஒப்பந்தத்தில் எழுதி, கூடத்துக்குப் போய்ப் பார்க்க ஓர் ஆளையும் அனுப்புவது அரசுக்குப் பெரிய செலவல்ல. திருப்பருத்திக்குன்றத்து மாணவனால் அந்தக் கூடத்துக்குள் போய்ப் பார்க்க முடியாது.