முக்காட்டுக்குள் யார்?

ஸ்பெயின் நாட்டுத் திருவிழா என்றதும் காளைச் சண்டைதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். நாம் அறியவேண்டியது அந்நாட்டின் செவில் நகரில் நடக்கும் புனித வாரம் என்று எண்ணுகிறோம்.

குருத்து ஞாயிறு தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை ஏறத்தாழ 60 பக்தசபைகள் தத்தம் கோவிலிலிருந்து பேராலயத்துக்குப் பவனி செல்கின்றன. பாடுபட்ட ஆண்டவரும் வியாகுல மாதாவும் எழுந்தருளும் சப்பரம் ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அதற்குச் சக்கரம் கிடையாது. திரைக்குள் மறைந்து நிற்போர் பிடரியில் தாங்கி நடக்கிறார்கள். முன்னே மெழுகுதிரி ஏந்தி வருவோர் நீண்ட அங்கியும், கண்ணுக்கு மட்டும் துளையிட்ட கூம்பு முக்காடும் அணிந்திருப்பர். வழிநெடுகச் சிறுவர் சிறுமியர் சொட்டும் மெழுகைக் கேட்டு வாங்கி உருண்டையாகத் திரட்டுவார்கள். ஆண்டுக்கு ஆண்டு உருண்டை பெரிதாகும். மாடத்திலிருந்து ஒருவர் துயரப் பாடல் எடுத்தால் சப்பரம் நின்று கேட்கும். மழை வந்தாலோ பவனி இல்லை, பெரியவர்களே அழுதுவிடுவார்கள்! (பாலில் நனைத்துப் பொரித்துத் தேனூற்றிய ரொட்டி வீட்டில் காத்திருக்கும் என்பது சிறிது ஆறுதல்.)

முகத்தை மறைப்பது எதற்காக? தவம் செய்பவர் இன்னாரென்று பிறர் அறியாதிருக்கவே. அப்படியிருந்தும் நெடுங்காலம் அந்த முக்காடு பெண்களுக்கு மறுக்கப்பட்டது. மாதாவின் மேலாடைக்குப் பொன்னிழை வேலை செய்தவர்கள் பெண்கள்; மாதாவின் ஆடையணிகளைப் பேணியவர்களும் பெண்கள். திரி ஏந்தி வரிசையில் நடக்க மட்டும் அவர்களுக்கு இடமில்லை! 1980-களில் சில சபைகள் கதவைத் திறந்தன. மரபு என்று சொல்லிக் கடைசிவரை மறுத்தவையும் உண்டு. 2011-இல் பேராயர் ஹுவான் ஹோசே அசென்ஹோ ஆணையிட்ட பிறகே எல்லாச் சபைகளிலும் பெண்கள் சம உரிமை பெற்றனர்.

மரபு என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. ஒரு காலத்தில் சப்பரம் சுமந்தவர்கள் கூலியாட்கள், அதுவும் மரபுதான். 1973-இல் மாணவர் பக்தசபை ஒன்று தன் உறுப்பினரையே சுமக்க வைத்தது. மற்றச் சபைகளும் அவ்வழியே சென்றன. பவனியின் மகிமை அதனால் குறைந்ததாக யாரும் சொல்லக் காணோம்.

செவிலில் சப்பரத்தின் அடியில் இன்றும் பெரும்பாலும் ஆண்களே நிற்கிறார்கள். பாரம் அதிகம் என்பது காரணமானால், ஸ்பெயினின் வேறு சில ஊர்களில் பெண்கள் சுமந்து வருகிறார்களே, அந்தச் சப்பரங்கள் பஞ்சினால் செய்தவையா?