வீட்டு வாசலில் கடல். பேருந்தோ கெந்திங் மலைக்கு!



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு வழக்கம் அரங்கேறுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடுகிறது. ‘கல்விச் சுற்றுலா’ என்னும் பெயரில் பேருந்து அமர்த்தப்படுகிறது. அந்தப் பேருந்து கெந்திங் மலைக்கோ, நீர்விளையாட்டுப் பூங்காவுக்கோ, தலைநகரின் பேரங்காடிக்கோ போய்த் திரும்புகிறது. பிள்ளைகள் களித்துத் திரும்புவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால், இதில் கல்வி எங்கே இருக்கிறது?

கோல சிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இவ்வழக்கம் பேரிழப்பு என்பேன். அயல்நாட்டார் வானூர்தி ஏறி வந்து பார்க்கும் ஆறும் கடலும் இவர்களின் வீட்டு வாசலில் கிடக்கின்றன. ‘சிலாங்கூர் ரிவர்’ என்று ஆற்றின் பெயரையே தாங்கிய தோட்டமும் இங்கு உண்டு. இருந்தும், அந்த ஆற்றில் ஒருமுறையேனும் படகேறிய பிள்ளைகள் எத்தனை பேர்?

அப்படி என்னதான் அங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

கம்போங் குவாந்தானில் இருள் கவிந்த பிறகு துடுப்புப் படகுகள் புறப்படும். பொறியின் ஓசை இல்லை, புகையும் இல்லை. கரையோரப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணையும். ஆண் மின்மினிகள் பெண்ணினத்தை அழைக்கும் முறை அது. இவற்றின் புழுக்களோ மரத்தில் வாழ்வதில்லை. ஈரம் மாறாத கரை மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. மரமும் வேண்டும், மண்ணும் வேண்டும், நத்தையும் வேண்டும். ஒன்று போனால் ஒளியும் போய்விடும். ஓர் அறிவியல் பாடம் முழுவதும் அந்த ஒரு கரையிலேயே இருக்கிறது!

கடற்பக்கம் போனால், சசாரான் கரைக்கு அப்பால் ஒரு மணல்திட்டு இருக்கிறது. கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும். மேலே மெல்லிய நீர்ப்படலம் தங்கி வானத்தைப் பிரதிபலிப்பதால் ‘வானக் கண்ணாடி’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். நம்மவர்களும் போகிறார்கள், மறுக்கவில்லை. பளிச்சென்ற ஆடையணிந்து, குதித்துப் படமெடுத்து, சமூக வலைத்தளத்தில் ஏற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். அத்திட்டு ஏன் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் மட்டும் தோன்றுகிறது என்று கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்தவர் அரிது. கதிரவனும் நிலவும் புவியும் நேர்க்கோட்டில் வரும் அந்நாள்களில் கடல் மிக உயர்ந்து ஏறும். அதே அளவுக்கு மிகத் தாழ்ந்தும் இறங்கும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். நிறைமதி நாளுக்கும் மறைமதி நாளுக்கும் சேர்த்து ‘உவா’ என்று ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். கடல்நீர் ஏறி இறங்குவதற்கு ‘ஓதம்’ என்றார்கள். சேற்றில் வேரூன்றி நிற்கும் மரத்தைக் ‘கண்டல்’ என்றார்கள். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த ‘தில்லை’ மரம் சிலாங்கூர் ஆற்றங்கரையிலும் வளர்கிறது. மலாய்க்காரர்கள் ‘புத்தா-புத்தா’ என்பார்கள். இச்சொற்களை நாம் வகுப்பில் எப்படிக் கற்பிக்கிறோம்? கரும்பலகையில் எழுதிப் பொருள் கூறி, மனனம் செய்யச் சொல்கிறோம். கண்டலைக் காணாத பிள்ளைக்குக் கண்டல் என்பது வெறும் எழுத்துக்கூட்டு. தேர்வு முடிந்த மறுநாளே அச்சொல் செத்துவிடுகிறது. நெய்தல் திணையைக் கடல் காட்டாமல் நடத்துவது, சோற்றைக் காட்டாமல் பசியாற்றுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்ப்போம். இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025-இல் கடாரம் கொண்டதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம். நம் பாட்டன்மார் பலர் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் வந்தவர்கள். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே எத்தனையோ ஆயிரம் பேரைச் சுமந்தது. அவர்கள் கண்ட கடல் இதே மலாக்கா நீரிணைதான். கடல் கடந்து வந்த இனத்தின் பிள்ளைகள், அக்கடலுக்கு அருகிலேயே வாழ்ந்தும் அதன்மேல் ஒரு நாழிகைகூட மிதந்ததில்லை என்றால், அந்தப் பெருமிதப் பேச்செல்லாம் எதற்கு?

மறுப்புரைகள் வரும். அவற்றுக்கும் விடை கூறிவிடுகிறேன்.

1. “தண்ணீரில் கண்டம், பிள்ளைகளை அனுப்ப மாட்டோம்” என்பர் பெற்றோர். அச்சம் இயல்பானதே. உரிமம் பெற்ற படகு, ஒவ்வொரு பிள்ளைக்கும் மிதவை அங்கி, போதிய ஆசிரியர், வானிலை மோசமானால் தயங்காது ஒத்திவைத்தல் ஆகியவற்றைக் கட்டாயமாக்குவோம். நெடுஞ்சாலையில் மலையேறும் பேருந்துக்கு அஞ்சாத நாம், ஆற்றுப் படகுக்கு மட்டும் அஞ்சுவது ஏன்?

2. “செலவு யார் கொடுப்பது?” என்பர். இவ்வட்டாரப் பள்ளிகளுக்கு இடம் அருகில் என்பதால் பேருந்துச் செலவு பெரிதும் குறையும். மிச்சமாகும் வெள்ளி படகுக்கு உதவும்.

3. “தேர்வு இருக்கிறதே!” என்பர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வே 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் சாக்கும் அதனுடன் போகட்டும்.

4. “கூட்டம் போனால் இயற்கை கெடாதா?” என்பர் சிலர். இது நியாயமான வினா. கூச்சலிட்டு, ஒளி பாய்ச்சிப் படமெடுக்கும் கூட்டம் போனால் கெடத்தான் செய்யும். அமைதியாக அமர்ந்து பார்க்கப் பழகிய பிள்ளை அதைக் கெடுக்காது. அப்பழக்கத்தைத் தருவதுதானே ஆசிரியரின் பணி?

இது பொழுதுபோக்கு பற்றிய பேச்சு மட்டும் அன்று. 1990களின் இறுதியில் ஆற்றின் மேற்பகுதியில், கோல குபு பாரு அருகே அணை கட்டத் திட்டமிட்டபோது, மின்மினிகளின் கதி என்னவாகும் என்று இயற்கை ஆர்வலர்கள் குரலெழுப்பினார்கள். 2009-இல் மின்மினிகளின் ஆற்றங்கரை வாழிடத்தை மாநில அரசு பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவித்தது. ஆனாலும், கரை மரங்கள் அழிவதும் செம்பனை ஆற்றை நெருங்குவதும் இன்றும் கவலைக்குரியனவே. அந்தச் செம்பனைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்கள் நாம். ஆற்றின் எதிர்காலம் பேசப்படும் அவைகளில் நம் குரல் எத்தனை முறை கேட்டிருக்கிறது? ‘இது நம் ஆறு’ என்னும் உணர்வு பிறக்காத இடத்தில் குரல் எப்படிப் பிறக்கும்?

ஆகவே, இவ்வட்டாரத் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: தொடக்கப்பள்ளியை விட்டு வெளியேறும் முன், ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை ஆற்றிலும் ஒருமுறை கடலிலும் படகேற வேண்டும். கையில் குறிப்பேடு இருக்கட்டும். கண்டது, கேட்டது, அதற்குரிய தமிழ்ச்சொல் மூன்றையும் எழுதட்டும். திரும்பி வந்து கட்டுரை வரையட்டும். ‘நான் சென்ற சுற்றுலா’ என்னும் தலைப்பில் ஆண்டுதோறும் ஒரே கட்டுரையைப் படித்துச் சலித்த ஆசிரியர்களுக்கும் அது நல்விருந்தாகும்!

கெந்திங் மலை எங்கும் போய்விடாது. மின்மினிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சிந்திப்போம், செயல்படுவோம்.