மஞ்சப்பை வாங்கினா போதாது, தூக்கணும்!

உடன்பிறப்புகளே! 2021 டிசம்பர் 23-ல் கழகத் தலைவர் தளபதி தொடங்கி வைத்த திட்டம் 'மீண்டும் மஞ்சப்பை'. அதுல ஒரு கணக்கு பார்ப்போமா?

பருத்தி விளையத் தண்ணீர் வேணும், நெய்ய மின்சாரம் வேணும். பருவநிலை பாதிப்பை மட்டும் வெச்சுப் பார்த்தாலே, ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினாத்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும்னு டென்மார்க் அரசின் 2018 ஆய்வு சொல்லுது. வாரம் ஒரு தடவை சந்தைக்கு எடுத்துப் போனா ஒரு வருஷம்! செய்யாத்துல ஒதுங்குற, மாடு தின்னுற பிளாஸ்டிக்கோட கேடு அந்தக் கணக்கில் சேரவே இல்ல.

மாகறல்காரங்களுக்கு இது புதுசா? பாட்டி கட்டின காஞ்சிப் பட்டைத்தானே பேத்தியும் கட்டுறா!

நம்ம கூட்டத்துல எத்தனை பை கொடுத்தோம்னு மட்டும் போஸ்ட் போடாதீங்க. எத்தனை முறை தூக்கினோம்னு எண்ணுங்க. இன்னைக்கே வண்டியில ஒண்ணு வையுங்க!

#மீண்டும்மஞ்சப்பை