அவசரப் பசை கப்பல் கட்டாது

போன செமஸ்டர் விடுமுறையை நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தாத்தா வீட்டில் கழித்தேன். அங்கே ஒரு மரக்கப்பல் மாதிரி செய்ய உட்கார்ந்தேன். வல்வெட்டித்துறையில் தமிழர்கள் மரத்தால் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, அது 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பலைத்தான் என் கையால் செய்து பார்க்க நினைத்தேன்.

பலகைக்கு ரப்பர் மரம். பால் குறைந்துபோன மரங்களைச் சுமார் 25 ஆண்டில் வெட்டி, மேசை நாற்காலி செய்வார்கள் அல்லவா? அப்படி ஒரு பட்டறையில் மிஞ்சிய துண்டுகளை மெல்லிய பட்டைகளாக அறுத்து வாங்கி வந்தேன். எலும்புக்கூடு போன்ற சட்டங்களின் மேல் அவற்றை வரிசையாக ஒட்ட வேண்டும்.

முதலில் எடுத்தது, நொடியில் ஒட்டும் சூப்பர் குளூ. ஒரே மாலையில் 11 பட்டைகள் ஒட்டிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், கப்பலின் முன்பக்கம் வளையும் இடத்தில் மூன்று பட்டைகள் பிய்ந்து நின்றன. இந்தப் பசை காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தால் இறுகுகிறது. இறுகியதும் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை வந்துவிடுகிறது. வளைத்த பட்டை நிமிரத் துடிக்கும்போது அதனால் தாங்க முடியவில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: சிந்திய பசையைப் பருத்தித் துணியால் துடைத்தால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

அடுத்து, செருப்புக்குப் போடும் காண்டாக்ட் பசை. இரண்டு பக்கமும் தடவி, சற்றுக் காயவிட்டு அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்த முடியாது. ஆனால் இழுவிசை தொடர்ந்து இருந்தால் நாளடைவில் அதுவே மெல்ல வழுக்கிக்கொடுக்கும். அதன் ஆவியும் மூளைக்குக் கெடுதல். கதவைச் சாத்திக்கொண்டு பயன்படுத்தவே கூடாது.

கடைசியில் பள்ளியில் பயன்படுத்திய வெள்ளைப் பசைக்கே வந்தேன். அதிலுள்ள நீரை மரம் உறிஞ்ச, பசைத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நார்களுக்குள் பிடித்துக்கொள்கின்றன. சில நிமிடம் வரை நகர்த்திச் சரிசெய்யலாம். முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். அதுவரை துணிக் கிளிப்பும் ரப்பர் பேண்டும் போட்டு இறுக்கி வைக்க வேண்டும்.

எனக்குப் பொறுமை இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். நாற்பது வருஷம் பால் வெட்டிய தாத்தா சிரித்தார். “தட்டுல ஊத்தி அமிலம் போட்ட பாலை ராத்திரி முழுக்கத் தொட்டுப் பாத்துக்கிட்டா இருப்போம்? அது பாட்டுக்கு உறையட்டும்யா” என்றார். பிறகு பிய்ந்த பட்டையைக் கையில் எடுத்து, “இதை முதல்ல தண்ணில ஊறவச்சு வளைச்சுக் காயவை. அப்புறம் ஒட்டு. பசையா வளைக்கும்?” என்று கேட்டார். நான் படித்த எந்தக் குறிப்பையும் அவர் படித்ததில்லை. ஆனால் என் தவறு எங்கே என்று அவருக்குத்தான் தெரிந்தது. பட்டை தன் வளைவில் தானாக நிற்க வேண்டும். பசை அதைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. ஒரு பட்டை இடப்பக்கம், ஒரு பட்டை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி ஒட்டினேன். ஒரே பக்கமாக ஒட்டினால் நடுத்தண்டே முறுக்கிக்கொள்ளும்.

இதை ஏன் கல்விப் பக்கத்தில் எழுதுகிறேன்? மூன்றாம் படிவம் படிக்கும் என் சித்தப்பா மகன் தொழிற்கல்விக் கல்லூரிக்குப் போக ஆசைப்படுகிறான். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. “கையால பொழச்சது எங்களோட போகட்டும்” என்று அதே தாத்தாதான் முதலில் மறுத்தார். அந்த வார்த்தையில் உள்ள வலி எனக்குப் புரிகிறது. விடியற்காலை இருட்டில் பால் வெட்டப் போனவர்கள், பிள்ளைகள் மேசைக்குப் போக வேண்டும் என்று நினைத்ததில் தவறில்லை.

ஆனால் அவர்களை வாட்டியது கைவேலை அல்ல. அந்த வேலைக்குக் கிடைத்த குறைந்த கூலியும் மரியாதையும்தான். கையால் செய்வதற்கும் அறிவு வேண்டும். எந்தப் பசை எதனால் ஒட்டுகிறது என்பது வேதியியல். பட்டை ஏன் பிய்கிறது என்பது இயற்பியல். ஆறாம் வகுப்பு வரை தமிழிலும் பிறகு மலாயிலும் அறிவியல் படித்த நான், இரண்டையும் தேர்வுத் தாளில்தான் எழுதியிருந்தேன்.

எல்லாரும் தொழிற்கல்விக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. தேர்ச்சி குறைந்தவர்கள் போகும் இடம் அது என்ற பேச்சை மட்டும் நிறுத்துவோம். பெற்றோரே, பிள்ளை அந்தப் படிவத்தைக் கொண்டு வந்தால் கிழிக்குமுன் அவன் செய்த ஒரு பொருளைக் காட்டச் சொல்லுங்கள். தம்பி தங்கைகளே, நீங்களும் ஒன்றைச் செய்து காட்டுங்கள்.

என் கப்பலில் இன்னும் 14 பட்டைகள் பாக்கி. அடுத்த விடுமுறையில் தம்பியும் உட்காருகிறான். பட்டைகளை ஊறவைக்கும் வேலையைத் தாத்தா ஏற்றுக்கொண்டார். படிவத்தில் கையெழுத்துப் போடும்படி சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.