யாரும் சாகாத டோர்னடோ

1985 மே 31. வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹையோ, பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலங்களிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் ஒண்டாரியோவிலும் ஒரே நாளில் நாற்பதுக்கும் மேற்பட்ட டோர்னடோக்கள் இறங்கின. ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பான்மையோர் பென்சில்வேனியாக்காரர்கள். அந்த மாநிலத்தின் வரலாற்றில் டோர்னடோவால் இத்தனை உயிர்கள் போனது அன்றைக்கு மட்டும்தான். நைல்ஸ், வீட்லேண்ட், ஆல்பியன், அட்லாண்டிக் என்று சின்னச் சின்ன ஊர்கள். அந்த ஊர்களில் மே 31 என்றால் இன்றைக்கும் எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஊர்களைப் பற்றியது இல்லை. அதே நாள் சாயங்காலம், அதே மாநிலத்தில், ஊரே இல்லாத இடத்தில் இறங்கிய இன்னொரு டோர்னடோவைப் பற்றியது.

பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில் மொஷானன் மாநில வனம் இருக்கிறது. மேடும் பள்ளமுமாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை மரங்கள். அங்கே இறங்கிய டோர்னடோவின் அகலம், அதிகபட்சமாக இருந்த இடத்தில், 2.2 மைல். அதாவது 3.5 கிலோமீட்டர். அதன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு சாதாரண நடையில் போனால் முக்கால் மணி நேரம் ஆகும்! தரையைத் தொட்டபடி அது ஓடிய தூரம் 69 மைல், கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர். (உடனே நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பரப்பளவு கண்டுபிடித்துவிடாதீர்கள். அகலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை.) பலத்தில் எஃப்4. எஃப்0 முதல் எஃப்5 வரை போகும் அளவுகோலில் கடைசிக்கு முந்தைய படி. அமெரிக்காவில் இதுவரை பதிவான மிக அகலமான டோர்னடோக்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். 2013-ல் ஒக்லஹோமாவின் எல் ரீனோ அருகே வந்த 2.6 மைல் அகலமுள்ளதை இந்த விஷயத்தில் ஆர்வம் உள்ள பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மொஷானனைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

காரணம் ரொம்ப சுலபம். இறந்தவர்கள்: பூஜ்யம்.

ஒரு பேரழிவைப் பற்றிய எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதலில் இருப்பது உயிர்ச்சேதம், அடுத்தது சொத்துச்சேதம். அது சரியான வரிசைதான். அதில் தகராறு ஒன்றும் இல்லை. வீட்லேண்டில் ஒரு குடும்பம் போனதையும் காட்டில் ஒரு மரம் விழுந்ததையும் ஒரே தராசில் வைக்கிறவன் மனிதனே இல்லை. ஆனால் அந்த இரண்டு கட்டங்களிலும் பூஜ்யமோ சின்னத் தொகையோ வந்துவிட்டால், நடந்த சம்பவமே பூஜ்யம் என்று ஆகிவிடுகிறது பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித்தருவார்கள்: பணத்தால் அளக்க முடியாதது கணக்கேட்டில் ஏறாது. தொழிலாளியின் திறமை ஏறாது, முதலாளியின் நேர்மை ஏறாது. கணக்குப் பதிவியலுக்கு அது ஒரு வசதி. வசதிக்காக வைத்துக்கொண்ட விதியை உலகத்தின் இலக்கணமாக நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மொஷானன் ஒரு உதாரணம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டோர்னடோவின் பலத்தைப் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை, அளப்பது சுலபமும் இல்லை. உள்ளே கருவி வைத்தால் கருவியும் சேர்ந்து போய்விடக்கூடும். அது என்ன உடைத்தது என்று பார்த்து, அதை உடைக்க எவ்வளவு காற்று வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். 1971-ல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த தெட்சுயா ஃபுஜிட்டா. எஃப் என்ற எழுத்து அவர் பெயரிலிருந்து வந்ததுதான். 2007 முதல் அமெரிக்காவில் அதன் திருத்திய வடிவம் நடைமுறையில் இருக்கிறது. அதில் சேதத்தைப் பார்க்க 28 வகைப் பொருட்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். வீடு, பள்ளிக்கூடம், மோட்டல், கடைத்தெருக் கட்டிடம், கோபுரம்... இப்படிப் போய் கடைசி இரண்டு இடங்களில் மரங்கள். அகல இலை மரம் ஒன்று, ஊசியிலை மரம் ஒன்று. கட்டிடம் இருக்கும் இடத்தில் பலத்தைக் கறாராகச் சொல்லலாம். வெறும் காடு என்றால் சிரமம். மனிதன் எதையும் கட்டாத இடத்தில் அடிக்கும் காற்றுக்கு மார்க் போடுவதற்குக்கூட மனிதன் கட்டிய ஏதாவது தேவைப்படுகிறது!

ஆனால் மரத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு மரமே போதும். ஃபுஜிட்டா ஜப்பான்காரர். 1945 ஆகஸ்டில் நாகசாகியில் அணுகுண்டு விழுந்த சில வாரங்களில் அந்த ஊருக்கும் ஹிரோஷிமாவுக்கும் போய், எது எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, எது நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டவர். குண்டு வெடித்த இடத்துக்குக் கீழே இருந்தவை நின்றபடி இருக்க, சுற்றிலும் உள்ளவை வெளிப்பக்கமாகச் சாய்ந்துகிடந்தன. ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, 1974-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய டோர்னடோ வரிசைக்குப் பிறகு விமானத்திலிருந்து காடுகளைப் பார்த்தபோது, சில இடங்களில் மரங்கள் ஒரு மையத்திலிருந்து நட்சத்திரம் போல் வெளிப்பக்கமாக விழுந்திருப்பதைக் கண்டார். இது சுழற்றிப் போட்டதில்லை, மேலிருந்து கீழே வந்து மோதிப் பரவிய காற்று என்று அவருக்குப் புரிந்தது. அதற்கு டவுன்பர்ஸ்ட் என்று பெயர் வைத்தார். ஆரம்பத்தில் பலர் ஏற்கவில்லை. விமானங்கள் இறங்கும்போது ஏன் திடீரென்று தரையில் மோதுகின்றன என்ற கேள்விக்கு அதில் விடை இருந்தது என்பது பிறகு ஊர்ஜிதமானது. இன்றைக்கு விமானப் பயணம் பாதுகாப்பாக இருப்பதற்கு, எங்கோ விழுந்து கிடந்த மரங்கள் சொன்ன சாட்சியமும் ஒரு காரணம்.

மொஷானனுக்கு இரண்டு வருஷம் கழித்து, 1987 ஜூலை 21 அன்று வயோமிங்கில் டீட்டன் வனப்பகுதியிலும் யெல்லோஸ்டோன் பூங்காவிலும் ஒரு டோர்னடோ புகுந்தது. 39 கிலோமீட்டர் நீளம், 2.5 கிலோமீட்டர் அகலம். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைமுகட்டைத் தாண்டிப் போனது. அங்கேயும் உயிர்ப்பலி இல்லை. ஃபுஜிட்டா வானிலிருந்து எடுத்த படங்களை வைத்து ஒவ்வொரு மரச்சாய்வையும் வரைபடமாக்கி, இதுவும் எஃப்4 என்று சொன்னார். அதுவரை அவ்வளவு உயரத்தில் இவ்வளவு பலமான டோர்னடோ வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்து பார்க்காமல் இருந்திருந்தால்? காட்டில் ஏதோ காற்று என்று போயிருக்கும்.

கனடாவில் இப்படிப் போனவை ஏராளம் என்று இப்போது தெரிகிறது. ஒண்டாரியோவில் உள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2017-ல் ஒரு திட்டம் தொடங்கியது. செயற்கைக்கோள் படங்களையும் விமானப் படங்களையும் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத காடுகளில் மரங்கள் விழுந்த தடத்தைத் தேடி, இதுவரை கணக்கில் வராத டோர்னடோக்களைக் கண்டுபிடிக்கிறார்கள். இந்த வேலையால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். லாபம் இருக்கிறது: எங்கே, எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற கணக்கு பிழையாக இருந்தால், அந்தக் கணக்கை நம்பிக் கட்டும் வீடும் போடும் காப்பீடும் பிழைதானே?

சரி, மொஷானனுக்குத் திரும்புவோம். காற்று போன மறுநாளே அந்தக் காடு கணக்கேட்டில் ஏறியது, ஆனால் வேறு தலைப்பில். விழுந்து கிடப்பது நல்ல மரம். அந்தப் பக்கத்தில் விளையும் செர்ரி, ஓக் மரங்களுக்கு மேஜை நாற்காலி செய்பவர்களிடம் நல்ல விலை உண்டு. அழுகுவதற்குள், பூச்சி அரிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். நஷ்டப் பட்டியலில் இடம் கிடைக்காத காடு, சரக்கு என்றதும் உடனே சொத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது!

விழுந்ததை எடுப்பதே பாவம் என்று சொல்வதும் சரியில்லை. அரசாங்க வனம் அது, வரும் பணம் பொதுப்பணம். காய்ந்த மரம் குவிந்து கிடந்தால் தீப்பிடிக்கும் பயமும் உண்டு. பாதைகளைத் திறந்துவிடவும் வேண்டும். எடுத்த இடங்களில் எடுத்ததற்கு நியாயம் இருந்தது.

ஆனால் இதே டோர்னடோ புகுந்துபோன பார்க்கர் டேம் மாநிலப் பூங்காவில் ஒரு காரியம் செய்தார்கள். மட் ரன் சாலை என்ற சின்ன வனச்சாலையின் ஒரு பக்கம் விழுந்த மரங்களை எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தில் ஒன்றையும் தொடாமல் அப்படியே விட்டார்கள். விட்ட பகுதிக்குப் புயல்காற்றின் பெயரிலேயே காப்பிடம் என்று பெயர். அதன் வழியாக ஒரு நடைபாதையும் உண்டு. அதற்கு வைத்த பெயர் இன்னும் அழகு: 'புதிய ராட்சதர்களின் பாதை'.

அன்றைக்கு விழுந்ததும் ஆதிகாலத்துக் காடு இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவின் வடபகுதியில் இருந்த வெள்ளை பைன், ஹெம்லாக் காடுகளை 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அடியோடு வெட்டித் தள்ளினார்கள். ஹெம்லாக்கின் பட்டை தோல் பதனிடுவதற்கு. மரங்களை ஓடையில் மிதக்கவிட்டு, அணையைத் திறந்து வெள்ளத்தோடு தள்ளி சஸ்குவெஹானா ஆற்றுக்கு அனுப்புவார்கள். பார்க்கர் டேம் என்ற பெயரே அப்படி மரம் தள்ளுவதற்கு அணை கட்டிய பார்க்கர் என்ற மர வியாபாரியால் வந்தது. மொட்டையாகிப்போன நிலத்தை அரசு வாங்கி, 1930-களின் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் இளைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி மரம் நடவைத்தது. இன்றைக்கு அங்கே இருக்கும் அணையும் அவர்கள் கட்டியதுதான். ஆக, மனிதன் வெட்டி, மனிதனே மறுபடி வளர்த்து, ஐம்பது அறுபது வருஷம் வளர்ந்த பிறகு காற்று வந்து சாய்த்த காடு அது. மனிதன் வெட்டியதற்கு வரவுசெலவு எழுதிவைத்தார்கள். காற்று சாய்த்ததற்கு எழுத யாரும் இல்லை.

அன்றைக்கு ஆதிக்காடும் ஒன்று விழுந்தது. அலெகெனி தேசிய வனத்தில் டியொனெஸ்டா என்ற பகுதி, கோடாலி படாத ஹெம்லாக்கும் பீச்சும் நின்ற இடம். அன்றைய வேறொரு டோர்னடோ அதன் குறுக்கே பல நூறு ஏக்கரைக் கிடத்திவிட்டுப் போனது. அதையும் தொடாமல் விட்டார்கள். தாவரவியல் ஆய்வாளர்கள் வருஷக்கணக்காகப் போய் உட்கார்ந்து எண்ணினார்கள். பெரிய மரம் வேரோடு சாய்ந்தால் ஒரு பள்ளமும் அதன் பக்கத்தில் ஒரு மண்மேடும் உண்டாகும். மேட்டில் ஒரு வகைக் கன்று வரும், பள்ளத்தில் வேறு. பென்சில்வேனியாக் காடுகளில் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகி, முளைக்கும் கன்றையெல்லாம் தின்றுவிடுகின்றன. குறுக்கும் நெடுக்குமாக மரங்கள் விழுந்து கிடக்கும் இடத்திலும் உயரமான வேர்மேட்டிலும் மான் எளிதில் வாய் வைக்க முடியாது. அங்கே கன்று தப்பிக்கிறது. அதாவது 'வீணாகக் கிடக்கிறது' என்று சொல்லப்பட்ட மரம் வேலி வேலை செய்துகொண்டிருக்கிறது. இதை எந்த ஐந்தொகையில் எந்தப் பக்கம் எழுதுவது? தேய்மானம் போட்டு, எஞ்சிய மதிப்பு பூஜ்யம் என்று எழுதி மூடிய பிறகும் வேலை செய்கிற சொத்து!

ஆகவே மொஷானனுக்கு நினைவுச்சின்னம் எது என்று கேட்டால், தொடாமல் விட்ட அந்த மட் ரன் சாலையோரம்தான். கல்தூணைவிட அது மேல். இறந்தவர்களுக்குக் கல் வைப்பது அவர்களின் பெயர் அழியாமல் இருக்க. காட்டில் அழியாமல் இருக்க வேண்டியது பெயர் இல்லை, நடந்தது. எதையும் அகற்றாமல் விட்டால் நடந்தது அங்கேயே இருக்கும். சாலையின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். எல்லாவற்றையும் எடுத்திருந்தால் ஒப்பிடுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அடுத்த முறை எங்காவது காடு விழும்போது எடுப்பதா விடுவதா என்ற கேள்விக்கு வெறும் வாய்ச்சண்டைதான் நடக்கும். முழுவதையும் விட வேண்டாம், கொஞ்சம் விடுங்கள். எவ்வளவு கிடைத்திருக்கும் என்று பார்த்தால் அந்தக் கொஞ்சத்தின் விலை பெரிதாகவும் இருந்திருக்காது.

2025 மே 31-ஓடு நாற்பது வருஷம் முடிந்துவிட்டது. புதிய ராட்சதர்கள் என்று பெயர் வைத்தபோது அவை கன்றுகள்கூட இல்லை, விதைகள். இப்போது அந்தப் பாதையில் நடப்பவர்களின் தலைக்கு மேல் இலை மூடியிருக்கிறது. காலடியில் பாசி படிந்த மேடும் பள்ளமும். 1985-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது சாதாரணக் காடாகத்தான் தெரியும், ஏன் இந்த மேடுகள் எல்லாம் இப்படி இருக்கின்றன என்று யாராவது குழந்தை கேட்கிறவரை.