தக்காளி விலை நம்ம கையில இல்ல – செலவு நம்ம கையில இருக்கு!



2023 ஜூலை மாதத்தில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. எந்த டிவியைத் திருப்பினாலும் அதே பேச்சு. அரசாங்கமே ரேஷன் கடையில் தக்காளி விற்றது. சரி, நல்லது. ஆனால் அதே தக்காளியைக் கிலோ ரெண்டு ரூபாய்க்குக்கூட கேட்க ஆளில்லாமல், பறிக்கிற கூலிக்கும் கட்டுப்படியாகாமல், செடியோடு விட்டு மாட்டை அவிழ்த்துவிட்ட வருஷங்கள் எத்தனை? அப்போது எந்த டிவி வந்தது? எந்த அதிகாரி கொல்லைக்கு வந்து "என்னங்க, எவ்வளவு நஷ்டம்?" என்று கேட்டார்?

நாகூர் கடைத்தெருவில் விற்கிற தக்காளிக்கு விலை வைப்பவர் நாகூரில் இல்லை. மதனப்பள்ளியிலும் கோலாரிலும் ஒட்டன்சத்திரத்திலும் எத்தனை லாரி ஏறியது என்பதை வைத்து விலை விழும், எழும். வெட்டாற்றங்கரையில் ஒரு மா நிலத்தில் தக்காளி போடுகிற நம்மால் அந்த விலையை ஒரு பைசாகூட அசைக்க முடியாது. நாம் அசைக்கக்கூடியது ஒன்றுதான் – செலவு. அதைப் பற்றித்தான் இந்தத் துண்டறிக்கை.

கடன் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க

உரத்துக்கும் மருந்துக்கும் கடையில் பத்தாயிரம் ரூபாய் கடன் என்று வையுங்கள். தக்காளி கிலோ இருபது ரூபாய்க்குப் போனால் 500 கிலோவில் அந்தக் கடன் தீரும். கிலோ ஐந்து ரூபாய்க்கு விழுந்தால் அதே கடனுக்கு 2,000 கிலோ அளந்து கொடுக்க வேண்டும். கடன் அப்படியேதான் இருக்கிறது. வேர்வை மட்டும் நாலு மடங்கு. இதே கடன் ரெண்டாயிரமாக இருந்தால் ஐந்து ரூபாய் விலையிலும் 400 கிலோவோடு முடிந்துவிடும். விலை விழுகிற வருஷத்தில் பிழைப்பவனுக்கும் நகையை அடகு வைப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

யூரியா 45 கிலோ மூட்டைக்கு அரசு வைத்த விலை 266 ரூபாய் 50 காசு. டிஏபி மூட்டை 2021 வரை 1,200 ரூபாய், 2022 முதல் 1,350. இந்த விலைக்கு நமக்குக் கிடைக்கிறதா? "யூரியா வேணும்னா கூடவே இந்த நுண்ணூட்டப் பாக்கெட்டையும் வாங்கிக்க, இல்லாட்டி ஸ்டாக் இல்ல" என்று பல கடைகளில் நம் தலையில் கட்டுகிறார்கள். இலை சுருண்டால் ஒரு மருந்து, பூ உதிர்ந்தால் ஒரு மருந்து, காய் கருத்தால் ஒரு மருந்து. கேட்டால் "எல்லாத்தையும் கலந்து ஒரே டேங்கில் அடிங்க" என்பார்கள். நோய் என்ன என்று சொல்ல ஆளில்லை, மருந்து சொல்ல மட்டும் ஆள் இருக்கிறது!

ஒன்று சொல்கிறோம். காயின் அடிப்பக்கம் கருத்து அழுகுகிறதே, அது நோயே இல்லை. தண்ணீர் ஒருநாள் காய்ச்சலும் ஒருநாள் பாய்ச்சலுமாக இருந்தால் செடியால் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் காய்க்குக் கொடுக்க முடியாது. உப்புத் தண்ணீர் ஏறிய நம் கடலோர மண்ணில் இது இன்னும் அதிகம். இதற்குப் பூஞ்சாண மருந்து அடிப்பது காசைத் தண்ணீரில் கரைப்பது. வைக்கோலை ஒரு சாண் கனத்துக்குச் செடியடியில் பரப்பி, ஈரம் ஒரே சீராக இருக்கிற மாதிரி தண்ணீர் கட்டினால் அடுத்த காய் சுத்தமாக வரும். அந்த வைக்கோலைத்தான் அறுவடை முடிந்த கையோடு கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பிவிடுகிறோம்.

நம்ம கொல்லையில என்ன இருக்கு?

முதலில் மண். ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழுவுரம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. அப்படியென்றால் பத்து சென்ட்டுக்கு ஒரு டன். ஒரு மாடு நாளைக்குப் பத்து கிலோ சாணி போடும் என்று வைத்தால் வருஷத்துக்கு மூன்றரை டன்னுக்குக் குறையாது; மக்கினால் சுண்டும், ஆனாலும் பத்து சென்ட்டுக்குத் தாராளம். பச்சைச் சாணியை அப்படியே போடாதீர்கள், கரையானும் வேர்ப்புழுவும் வரும். மக்க வைத்துத்தான் போட வேண்டும்.

அடுத்து ஜீவாமிர்தம். ஏக்கருக்குப் பசுஞ்சாணி 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, ஏதாவது ஒரு பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி, தண்ணீர் 200 லிட்டர். நிழலில் வைத்து, தினம் மூன்று வேளை கலக்கி, ரெண்டு நாள் கழித்துப் பாசனத் தண்ணீரோடு வேரில் விட வேண்டும். பத்து சென்ட்டுக்கு இதில் பத்தில் ஒரு பங்கு போதும். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவும் நல்லதுதான், 100 லிட்டருக்கு 3 லிட்டர் கலந்து தெளிக்கலாம். ஆனால் பால், தயிர், நெய், இளநீர் என்று செலவு பிடிக்கும். கையில் காசில்லாதவர் ஜீவாமிர்தத்தில் தொடங்கட்டும்.

நம்மூருக்கு என்றே ஒரு வசதி உண்டு. பட்டினச்சேரிப் பக்கம் மீன் கழிவுக்குப் பஞ்சமா? மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி, ஒரு மாதம் வைத்தால் மீன் அமிலம். பத்து லிட்டர் டேங்குக்கு 50 மில்லி போதும். இலை பச்சை கட்டுவதற்கு யூரியா தேடி ஓட வேண்டியதில்லை.

பூச்சிக்கு என்ன பண்றது?

யூரியா அதிகம் கொட்டிய செடி தளதளவென்று இருக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அதைவிட விருந்து வேறு கிடையாது. தீனியைச் சரியாகக் கொடுத்தாலே பாதிப் பூச்சி குறையும். மீதிக்கு:

காய்ப்புழு – 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை துலுக்கச் சாமந்தி. சாமந்தி நாற்றுக்கு 40 நாள், தக்காளி நாற்றுக்கு 25 நாள் வயது இருக்கும்போது ரெண்டையும் ஒரே நாளில் நட வேண்டும். அப்போதுதான் தக்காளி பூக்கும்போது சாமந்தியும் பூத்திருக்கும்; தாய் அந்துப்பூச்சி முட்டை வைக்க அங்கே போகும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி கட்டலாம். சாமந்தி வேர் நூற்புழுவையும் அடக்கும்.

வேப்பங்கொட்டைக் கரைசல் – ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதை நீக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். உடைத்து எடுத்த பருப்பு 5 கிலோவை இடித்து, துணியில் கட்டி, ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்து வடிகட்டி 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பும் கரைத்துச் சாயங்காலத்தில் அடியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் வேம்பின் சக்தி போய்விடும்.

பூச்சிவிரட்டி – ஆடு மாடு தின்னாத தழை, ஒடித்தால் பால் வரும் தழை, கசக்கிற தழை. ஆடாதொடை, நொச்சி, எருக்கு, வேம்பு எல்லாம் நம் வாய்க்கால் கரையிலேயே நிற்கிறது. இடித்துக் கோமியத்தில் ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம். புகையிலைத் தண்ணீர் மட்டும் தக்காளிக்கு வேண்டாம். ரெண்டும் ஒரே குடும்பம். புகையிலையின் தேமல் நோய் தக்காளிக்கும் தொற்றும்.

வேம்பை லேசாக நினைக்காதீர்கள். வேப்பெண்ணெயால் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண்துறையும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் கம்பெனியும் சேர்ந்து 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. வழக்காடி 2000-ல் அது ரத்தானது; அப்பீலும் 2005-ல் தள்ளுபடி. நாம் குப்பையில் கூட்டித் தள்ளும் வேப்பங்கொட்டைக்கு அவன் வழக்கு நடத்துகிறான் என்றால் அதன் மதிப்பு என்ன?

முடியாததையும் சொல்லிடறோம்

இலைச்சுருட்டு வைரஸ் வந்துவிட்ட செடியை எந்தக் கரைசலும் காப்பாற்றாது, எந்தக் கடை மருந்தும் காப்பாற்றாது. பிடுங்கிப் புதைக்க வேண்டியதுதான். நாற்றங்காலிலேயே நெருக்கமான வலை போட்டு வெள்ளை ஈயைத் தடுப்பதுதான் வழி. வேம்பு அடித்தவுடன் புழு பொத்தென்று விழாது. தின்பதை நிறுத்தி மெல்லச் சாகும். அதனால் வாரம் ரெண்டு தடவை செடியைப் புரட்டிப் பார்க்கிறவருக்குத்தான் இந்த முறை கைகொடுக்கும். இந்த வேலை பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2021-ல் இலங்கை அரசு ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. மாற்று உரம் தயாரில்லை, மண் தயாரில்லை, விவசாயிக்குப் பயிற்சி இல்லை. விளைச்சல் விழுந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், அந்த வருஷக் கடைசிக்குள் தடையை எடுத்துவிட்டார்கள். மேலிருந்து போட்ட உத்தரவு தோற்றது. கீழிருந்து, பத்து சென்ட்டிலிருந்து தொடங்கினால் தோற்காது.

நம் மண்ணே அதற்குச் சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிரைப் பறிகொடுத்தது நாகை மாவட்டம். வயலில் உப்பு படிந்து கிடந்தது. இளங்காட்டில் பிறந்த நம் நம்மாழ்வார் ஐயாவும் இயற்கை விவசாயிகளும் தெற்குப் பொய்கைநல்லூர் பக்கம் இறங்கி, மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பை இறக்கி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, தழையும் எருவும் போட்டு நிலத்தை மீட்டுக் காட்டினார்கள். கடல் ஏறிய மண்ணையே எருவும் தழையும் எழுப்பியது என்றால் கடன் ஏறிய மண்ணை எழுப்பாதா?

அப்போ அரசாங்கத்துக்கு வேலையே இல்லையா?

"வீட்டிலேயே உரம் செய்துக்கோ" என்று சொல்லி அரசு கையைக் கழுவ விடமாட்டோம். சாணிக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு மேய்ச்சல் வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் எங்கே போச்சு? ஆந்திர அரசு 2016 முதல் மகளிர் குழுக்களை வைத்து இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. கேரள அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருளுக்கு அடிப்படை விலை அறிவித்தது, அதில் தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய். நம் அரசும் 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. கொள்கைப் புத்தகம் கொல்லைக்கு வந்து சேர வேண்டாமா? ஆகவே கேட்கிறோம்:

1. உரத்தோடு வேறு பொருளைக் கட்டாயமாகத் தலையில் கட்டும் கடைகள் மீது நடவடிக்கை எடு!

2. மேய்ச்சல் புறம்போக்கை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்குக் கொடு!

3. வேப்பம் புண்ணாக்கு, இனக்கவர்ச்சிப் பொறி, நாற்றங்கால் வலை ஆகியவற்றைக் கூட்டுறவுச் சங்கத்தில் மானிய விலையில் கொடு!

4. தக்காளி உள்ளிட்ட காய்கறிக்கு அடிப்படை விலை அறிவி!

5. உழவர் சந்தையில் வீட்டு உரத்தில் விளைந்த காய்கறிக்குத் தனிக் கடை ஒதுக்கு!

விவசாயப் பெருமக்களே! இந்தக் கோரிக்கைகளுக்குக் கூட்டமாகப் போராடுவோம். ஆனால் கோரிக்கை நிறைவேறும் வரை கடைக்காரரின் நோட்டில் நம் பேர் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சம்பா அறுத்த கையோடு, வரும் தையில், தண்ணீர் தேங்காத மேட்டுக் கொல்லையில் பத்து சென்ட் மட்டும் ஒதுக்குங்கள். நெல் நின்ற நிலத்தில் நூற்புழு குறைவு, அதுவும் நமக்குச் சாதகம். ஒவ்வொரு ரூபாய்ச் செலவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே கடை உரத்தில் போட்ட பத்து சென்ட்டின் கணக்கையும் எழுதுங்கள். அறுவடை முடிந்ததும் ரெண்டு நோட்டையும் சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். அதிகாரியிடம் பேசும்போது நம் வாய்ப்பேச்சைவிட அந்த நோட்டு உரக்கப் பேசும்!