கம்ப்யூட்டர்கள் பல, கடிகாரம் ஒன்று: சிமுலேஷனில் வேகம் ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

2024 செப்டம்பரில் புனே, டெல்லி, கொல்கத்தாவில் 130 கோடி ரூபாய் மதிப்பிலான மூன்று ‘பரம் ருத்ரா’ சூப்பர் கம்ப்யூட்டர்கள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. கம்ப்யூட்டர் பலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்றுதான் நினைப்போம். ஆனால், ஒரு வகை வேலையில் அந்தக் கணக்கு அப்படியே எடுபடாது.

எந்த வேலை?

விமானப் போக்குவரத்து, செல்போன் நெட்வொர்க், டேட்டா சென்டர் போன்றவற்றில் மாற்றம் செய்வதற்கு முன், கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள். விமானம் கிளம்புவது ஒரு நிகழ்வு, இறங்குவது இன்னொரு நிகழ்வு. இடைப்பட்ட நேரத்தைத் தாண்டிவிட்டு, நிகழ்வுகளை மட்டும் நேர வரிசையில் கணக்கிடுவதுதான் ‘டிஸ்கிரீட் ஈவென்ட் சிமுலேஷன்’.

சிக்கல் எங்கே?

டெல்லி விமான நிலையத்தை ஒரு கம்ப்யூட்டரும், மும்பையை இன்னொன்றும் கணக்கிடுவதாக வைத்துக்கொள்வோம். மும்பை கம்ப்யூட்டர் மதியம் 1 மணி வரை முடித்துவிட்டது. அப்போதுதான் டெல்லியிடமிருந்து, ‘12 மணிக்கு அங்கே ஒரு விமானம் இறங்கும்’ என்று தகவல் வருகிறது. போச்சு! 12 மணிக்கு ஓடுபாதை காலி என்று நம்பிப் போட்ட கணக்கெல்லாம் தப்பு.

என்ன தீர்வு?

ஒன்று, காத்திருப்பது. சென்னை ஐஐடியில் படித்த மணி சாண்டி, ஜெயதேவ் மிஸ்ராவுடன் சேர்ந்து 1970களின் இறுதியில் இந்த வழியை வகுத்தார். ராண்டல் பிரையன்ட் தனியாக இதே முடிவுக்கு வந்தார். டெல்லியில் இப்போது 10 மணி, பயணம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் என்றால், மும்பை 11.30 வரை பயமில்லாமல் கணக்கிடலாம். இந்த இடைவெளி சிறிதானால், காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும்.

இன்னொன்று, துணிந்து ஓடுவது. 1985-இல் டேவிட் ஜெஃபர்சன் வெளியிட்ட ‘டைம் வார்ப்’ முறை இது. தகவல் தாமதமாக வந்தால், 12 மணிக்கே திரும்பிப்போய் மறுபடி கணக்கிட வேண்டும். அதற்குள் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிய தகவல்களை ‘எதிர்ச்செய்தி’ துரத்திப் பிடித்து அழிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோருக்கும் டெலீட் செய்வது மாதிரிதான். ஆனால் இங்கே, அதைப் படித்தவர் செய்த வேலையும் சேர்ந்தே ரத்தாகும்!

இது நடைமுறைக்கு வருமா?

வந்திருக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், 19,66,080 கோர்களில் டைம் வார்ப் ஓடியது. வேகம்: நொடிக்கு 50,400 கோடி நிகழ்வுகள். 2009-இல் எட்டிய முந்தைய சாதனையைப்போல் சுமார் 41 மடங்கு. ஆனால், அது வேகத்தை அளக்கவே உருவாக்கிய சோதனை மாதிரி. நிஜ உலகில் வேலை இப்படிச் சமமாகப் பிரியாது. ஒரு விமான நிலையத்தில் கூட்டம் அலைமோதும், இன்னொன்று காற்று வாங்கும்.

நமக்கு என்ன?

‘சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டோம்’ என்று ஒரு திட்டத்தை நியாயப்படுத்தினால், இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஒரே கம்ப்யூட்டரில் மெதுவாக ஓட்டினாலும் இதே விடை வருமா? கோர்கள் கூடியபோது நிஜமாகவே வேகம் கூடியதா, அல்லது காத்திருப்பும் திரும்பிப் போவதும்தான் கூடியதா? மெஷினைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். நேர வரிசையைக் காக்கும் மென்பொருளுக்கு, அது தெரிந்த ஆட்கள் வேண்டும்.